இலவசமாய்க் கிடைப்பதற்கு விலை வாங்கலாமா?



செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு இன்று பதுளை நகரத்துக் கடைவீதியிலும், பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் லயங்களிலும் ஒருங்கே கேட்கிறது. கைத்தொலைபேசியிலே தமிழில் ஒரு கேள்வியை எழுதினால் தமிழிலேயே பதில் வருகிறது. கடிதம் எழுதச் சொன்னால் எழுதுகிறது. கணக்கைச் செய்து காட்டுகிறது. ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழிக்கு மாற்றித் தருகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி முதலான இக்கருவிகளின் சாதாரண சேவைக்கு அவற்றை நடத்தும் நிறுவனங்கள் பணம் கேட்பதில்லை.

ஆனால், அவர்கள் கேட்காத பணத்தை நடுவில் நின்று வேறொருவர் கேட்பதுண்டு. ஒருவர் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் ஒரு விண்ணப்பக் கடிதத்தைப் பெற்று, அச்சிட்டு, சில நூறு ரூபாவுக்குக் கொடுக்கிறார். இன்னொருவர் இக்கருவியைப் பயன்படுத்தும் விதத்தைக் கற்பிப்பதாகச் சொல்லி வகுப்பு நடத்திக் கட்டணம் பெறுகிறார். வேறொருவர் கருவிக்குள் நுழையும் வழியையே, அதாவது எவரும் தாமாகவே திறந்துகொள்ளக்கூடிய இலவசக் கணக்கையே, மாதக் கட்டணத்திற்கு விற்கிறார். இது பிழைப்பா, பிழையா? பிள்ளைகளுக்காகப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் இக்கேள்வி உண்டு. பணம் வாங்கும் இளைஞனின் மனச்சாட்சிக்கும் இக்கேள்வி உண்டு. இருவரும் நம்மவர்களே. ஆதலால் இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

முதலிலே உண்மை நிலையைத் தெரிந்துகொள்வோம். சாட்ஜிபிடி 2022ம் ஆண்டு நவம்பர் 30ம் திகதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் இன்று வரை அதற்கு இலவச வாசல் ஒன்று இருந்து வருகிறது. கட்டண வாசலும் உண்டு. அதிகமாகப் பயன்படுத்துவோருக்கென உள்ள மாதம் 20 டொலர் சேவை நம் நாட்டுக் காசிலே ஆறாயிரம் ரூபா அளவில் வரும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, அதற்கு மேல் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் வழங்குவதாக 2026ம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே அறிவிக்கப்பட்டது. அக்கணக்கின்படி பார்த்தாலும், அந்த மாதக் கட்டணம் மூன்று நாள் மலையேறிக் கொழுந்து பறித்த கூலிக்கு மேற்பட்டது. ஆனால் ஒரு கடிதம் எழுதவோ, பாடத்தில் விளங்காத பகுதியைக் கேட்டறியவோ அந்தக் கட்டண வாசல் தேவையில்லை. இலவச வாசலே போதும். இதை அறிந்த குடும்பங்களும் உண்டு, அறியாத குடும்பங்களும் உண்டு. நம் கேள்வி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் இருக்கிறது.

இது நம் மலைநாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. சாட்ஜிபிடியின் சொந்தச் செயலி கைத்தொலைபேசிக்கு வந்தது 2023ம் ஆண்டு மே மாதத்திலேயே. அதற்கு முந்திய மாதங்களில், அதே போன்ற பெயர்களைச் சூட்டிக்கொண்ட வேறு செயலிகள் உலகெங்கும் கைத்தொலைபேசிகளுக்குள் புகுந்தன. சோபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அந்த மே மாதத்திலே ஓர் அறிக்கை வெளியிட்டது. சில நாட்கள் இலவசம் என்று அழைத்து, பின்னர் வாரந்தோறும் பணம் பிடுங்கும் செயலிகளைப் பற்றியது அவ்வறிக்கை. இலவசமாகவே கிடைக்கும் ஒன்றைச் சூழ வேலியடித்து, வேலியின் கடப்புக்குக் காசு வாங்கும் இந்த வித்தை, படித்த பணக்கார நாடுகளிலும் பலித்தது. ஏமாந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். வேறு வழி இருக்கிறது என்பதை எவரும் சொல்லாததால் ஏமாந்தவர்கள்.

ஆயினும், பணம் வாங்குவோர் அனைவரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கண்டிப்பது நீதியாகாது. இலவசம் என்று இருப்பது ஒன்று. கைக்கு எட்டுவது வேறொன்று. தோட்ட மக்களாகிய நமக்கு இதை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. இலங்கையிலே இலவசக் கல்வி 1945ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இடைப்பட்ட காலத்திலே, ஒரே ஆசிரியரைக் கொண்ட கொட்டகைகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்பது நாட்டிலே இருந்தது, வீட்டிலே இல்லை. இருப்பதற்கும் எட்டுவதற்கும் இடையே பாலம் போடுகிறவனின் உழைப்பு உழைப்பே. லயத்திலே பிறந்து, உயர்தரம் வரை படித்து, வேலை கிடையாமல் இருக்கும் ஓர் இளைஞன், தன் கைத்தொலைபேசியையும், அச்சு இயந்திரத்தையும், இணையக் கட்டணத்தையும், தன் நேரத்தையும் செலவிட்டு இன்னொருவருக்கு உதவினால், அதற்குக் கூலி கேட்பதில் குற்றமென்ன?

கணினி உலகத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கணினி நிரல்களை எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், திருத்தவும், பகிரவும் வேண்டும் என்று இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்ரோல்மன் என்ற அமெரிக்கர், 1985ம் ஆண்டளவில் தாம் எழுதிய நிரலை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றார். அதே நிரலை வசதியுள்ளவர் கணினி வலையமைப்பின் மூலம் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. நாடாவுக்கும் அனுப்பும் சிரமத்திற்கும் அவர் பணம் வாங்கினார். வாங்கியவரும் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தார். நம் ஆலயத்துப் புத்தகக் கடையிலும் விவிலியத்திற்கு ஒரு விலை உண்டு. இறைவார்த்தைக்கு அது விலையென்று நம் மக்களில் எவரும் எண்ணுவதில்லை. காகிதத்திற்கும் அச்சுக்கும் கட்டுக்கும் அது விலை.

ஆகவே, வாங்கும் பணம் எதற்கான விலை என்பதே நாம் ஆராயவேண்டியது. இக்கேள்வி புதியதன்று. திருச்சபையின் பள்ளிகளிலே எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இது எழுந்தது. அறிவு இறைவன் தந்த கொடை. கொடையாக வந்ததை விற்கலாகாது என்று மத்திய காலச் சட்ட அறிஞர்கள் வாதித்தனர். அப்படியானால் ஆசிரியர் எதைக்கொண்டு உண்பது? அவர்கள் கண்ட விடை இதுதான்: ஆசிரியர் அறிவை விற்பதில்லை, தம் உழைப்புக்குக் கூலி பெறுகிறார். 1179ம் ஆண்டு கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு மேலும் ஒரு படி சென்றது. பேராலயந்தோறும் ஏழை மாணவருக்கு இலவசமாகக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு வாழ்க்கைக்கு வேண்டிய மானியம் ஒதுக்கவேண்டும் என்றும், கற்பிக்கும் அனுமதியைக் கொடுப்பதற்கு எவரும் பணம் வாங்கக்கூடாது என்றும் அது விதித்தது. இதிலே ஒரு நுட்பம் உண்டு. கற்பிப்பவன் உழைக்கிறான், அவன் உண்ண வேண்டும். அனுமதி கொடுப்பவனோ கதவைத் திறப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. உழைப்புக்கு ஊதியம் உண்டு. கதவருகே நிற்பதற்கு ஊதியம் இல்லை.

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பிலே, வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சனையைப் பற்றி ஆராயும் இடத்தில் நமக்கு மிகவும் உதவும் ஒரு விளக்கம் தருகிறார். ஒரு பொருளைக் கொடுப்பதனால் விற்பவனுக்கு இழப்பு நேருமானால், அந்த இழப்பையும் சேர்த்து அவன் விலை சொல்லலாம். ஆனால், விற்பவனுக்கு இழப்பு ஒன்றுமில்லாமல், வாங்குபவனுக்கு அது மிகவும் தேவையாயிருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக விலையை ஏற்றுவது அநீதி. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவனுடையது. தன்னுடையதல்லாத ஒன்றை எவனும் விற்க முடியாது என்பதே அவருடைய நியாயம். இதை நம் விடயத்திற்குப் பொருத்துவோம். தோட்டத்துத் தாயொருத்தியின் அறியாமை அவளுடையது. அவளுடைய அவசரமும் அவளுடையது. அவற்றிற்கு விலை வைப்பவன், அவளுடைய பொருளையே அவளுக்கு விற்கிறான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அதே புனித தோமஸ் வேறோர் உதாரணமும் காட்டுகிறார். உரோமை அறிஞர் சிசரோ அவருக்கு முன்பே ஆராய்ந்த உதாரணம் அது. பஞ்சம் நிலவும் ஊருக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டு வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்லியே ஆகவேண்டுமா? நீதியின் கண்டிப்பான கடமையாக அவன் சொல்லவேண்டியதில்லை. சொன்னால் அது இன்னும் உயர்ந்த புண்ணியம் என்பது புனித தோமஸின் முடிவு. அப்படியானால், "வேறு இடத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்பதை நானாக ஏன் சொல்லவேண்டும்?" என்று நம் கடைக்காரர் கேட்கலாமல்லவா?

வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த வணிகனுடைய தானியம் அவனுடைய சொந்தத் தானியம். பின்னால் வரும் கப்பல்கள் இன்னும் கரை சேரவில்லை. கடலிலே அவற்றுக்கு என்ன நேருமோ எவரும் அறியார். நம் விடயத்திலோ களஞ்சியம் ஏற்கனவே திறந்திருக்கிறது. வாங்க வந்தவளின் கையிலுள்ள தொலைபேசியே அதன் வாசல். தானியமும் விற்பவனுடையதன்று. திறந்த களஞ்சியத்தின் முன்னே நின்று, அது பூட்டியிருக்கிறது என்று எண்ணும்படி ஒருத்தியை விட்டுவைத்துச் சாவிக்குக் காசு வாங்குவது, வாய்திறந்து பொய் சொல்லாவிட்டாலும் பொய்யே.

இதிலிருந்து எவரும் பிரயோகிக்கக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. பணம் வாங்கும் முன் வாங்குபவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, இந்தக் கருவி இலவசம். உங்கள் மகளின் தொலைபேசியிலும் இதைச் செய்யலாம். நான் செய்து தந்தால் என் நேரத்திற்கும் அச்சுக்கும் இவ்வளவு." இதைக் கேட்ட பின்பும் அவர் மனமுவந்து கொடுப்பாராயின், அது நேர்மையான வியாபாரம். இதைச் சொன்னால் வியாபாரமே நின்றுவிடும் என்று நீங்கள் அஞ்சுவீர்களாயின், நீங்கள் விற்றுக்கொண்டிருந்தது உங்கள் உழைப்பையல்ல, அவருடைய அறியாமையை.

இந்தச் சோதனை கருவிக்கு மட்டுமன்று, அதைச் சுற்றியுள்ள காரியங்களுக்கும் பொருந்தும். நம் மக்களில் பலர் அரச அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதும்போது அது சிங்களத்திலேதான் இருக்கவேண்டும் என்று எண்ணி, மொழிபெயர்ப்புக்கென்றே பணம் கொடுக்கின்றனர். 1988ம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அரச அலுவலகங்களோடு தமிழிலேயே தொடர்புகொள்ள நமக்கு உரிமை உண்டு. பதுளை மாவட்டத்திலே பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியிலும் அறிவிக்கப்பட்டவை. ஓய்வு பெறும் தொழிலாளி ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டு விண்ணப்பிக்கும் படிவத்திற்கும் விலை கிடையாது. நடைமுறையிலே சிங்களக் கடிதம் காரியத்தை விரைவுபடுத்தலாம், அதை மறுப்பதற்கில்லை. அப்படி விரும்புகிறவர் அறிந்து விரும்பட்டும். தமக்கு உரிமையானது இது, வசதிக்காகச் செய்வது இது என்று பிரித்துச் சொல்லாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்குவது நேர்மையாகாது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் சரித்திரமே. தோட்டத் தொழிலாளரின் வரலாறு, நடுவில் நின்றவர்களின் வரலாறாகவும் இருந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்த பெரிய கங்காணி, வழிச்செலவை முற்பணமாகக் கொடுத்து, அதைக் கடனாகத் தலையிலே ஏற்றினார். தம் ஆட்களில் எத்தனை பேர் நாள்தோறும் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனைக்கும் தோட்டத்திடம் தலைக்கணக்கில் காசு பெற்றார். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதிய துண்டு, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு மனிதரையும் கடனையும் சேர்த்தே மாற்றியது. அத்துண்டு முறை 1921ம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கங்காணிமாரில் நல்லவர்களும் இருந்தனர். வழியும் மொழியும் தெரியாதவர்களுக்கு அவர்கள் துணையாகவும் நின்றனர். ஆனால் அந்த முறையின் வலிமை எங்கே இருந்தது? கங்காணிக்குத் தெரிந்த வழி தொழிலாளிக்குத் தெரியாமல் இருந்ததிலேதான். தெரிந்துகொண்டால் அவர் தேவைப்படமாட்டார். ஆகவே தெரியாமல் இருப்பதே முறைக்கு நல்லதாயிற்று. கணினிக் காலத்துக் கங்காணிகள் நம்மிடையே உருவாக நாம் இடங்கொடுக்கலாகாது. அதுவும் நம் பிள்ளைகளே, நம் லயங்களிலிருந்தே, அப்பதவிக்கு வருவது இரட்டிப்பு வேதனை.

பணம் வாங்குவோருக்கு இன்னொரு கடமையும் உண்டு. இக்கருவி மிகவும் தெளிவான நடையிலே தவறான செய்தியையும் எழுதும். இல்லாத சட்டத்தைக் கூறும். பெயரையும் திகதியையும் மாற்றிவிடும். படிவத்திலே ஒரு பிழை எத்தனை பெரியது என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். 1949ம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவிடத்தார் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ், எட்டு இலட்சத்திற்கு மேற்பட்ட நம் மக்களுக்காக மனுக்கள் கொடுக்கப்பட்டன. அவற்றிலே பெரும்பான்மையானவை நிராகரிக்கப்பட்டன. அற்பமான எழுத்துக் குறைகளும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. குடும்பங்களின் தலைவிதியையே காகிதம் தீர்மானித்த காலம் அது. ஆகவே, தாம் வாசித்தறிய முடியாத மொழியிலே கருவி எழுதித் தந்ததை அப்படியே அச்சிட்டுக் கொடுத்து, "எல்லாம் சரி" என்று சொல்லிப் பணம் வாங்குபவர் உழைத்தவரல்லர். வாசித்து, ஒத்துப் பார்த்து, பிழை திருத்திக் கொடுப்பதே உழைப்பு, கூலி அதற்குத்தான். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, நோய் விபரம் ஆகியவற்றைக் கேளாமல் கருவியிலே எழுதிவிடுவதும் நம்பிக்கைத் துரோகம். கருவி இலவசமென்றாலும், அதிலே எழுதப்படுவது அந்நிய நிறுவனத்தின் கையிலே சேர்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

"கோடிக்கணக்கான டொலர் புரளும் பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, இருநூறு ரூபா வாங்கும் ஏழை இளைஞனையா கண்டிப்பது?" என்று சிலர் கேட்கக்கூடும். பெரியவர்களின் பொறுப்பு பெரியதே. பாப்பரசர் பதினான்காம் லியோ 2025ம் ஆண்டு மே மாதத்தில் தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்டதன் காரணத்தைக் கூறியபோது, தொழிலாளர் நிலை பற்றி 1891ம் ஆண்டு சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் விடுக்கும் சவால்களையும் சேர்த்தே குறிப்பிட்டார். அந்தப் பெரிய கணக்கு கேட்கப்படத்தான் வேண்டும். ஆனால் பெரிய அநீதி சிறிய அநீதிக்கு அனுமதிச் சீட்டாகாது. இருநூறு ரூபா பெரிய நிறுவனத்திற்கு ஒன்றுமில்லை; நாட்சம்பளத்திலே வாழும் வீட்டிற்கு அது ஒரு வேளைக் கறிக்காசு.

இக்கேள்வியைக் குருக்களாகிய எங்களிடமும் நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்குமாறு ஆண்டவர் தம் சீடருக்குக் கற்பித்ததை அறிவிப்பவர்கள் நாங்கள். 1983ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, திருப்பலிக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூடப் படியலாகாது என்கிறது. வறுமையின் காரணமாக எவருக்கும் அருட்சாதனங்களின் உதவி இல்லாமற் போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. எங்களுக்கு விதிக்கப்பட்ட அளவுகோலைக் கடைக்காரருக்கும் நீட்டுகிறோமேயன்றி, எங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று வைக்கவில்லை.

இனிச் செய்யக்கூடியது என்ன? இத்தொழிலைச் செய்யும் இளைஞர்கள் கடையிலே ஒரு சிறு பலகை தொங்கவிடலாம்: கருவி இலவசம், எங்கள் கட்டணம் எழுதிச் சரிபார்த்து அச்சிடுவதற்கு என்று. விலையை உழைப்பின் அளவுக்கு வைக்கட்டும். ஆளின் அவசரத்தின் அளவுக்கு வேண்டாம். வகுப்பு நடத்துவோர் முதல் நாளிலேயே இலவச வாசலைத் திறந்து காட்டிவிட்டு, அதற்கப்பால் கற்பிப்பதற்கு மட்டும் கட்டணம் பெறட்டும். பெற்றோர்கள் பணத்தை நீட்டுமுன், "இது வேறெங்கும் சும்மா கிடைக்குமா?" என்று கேட்கத் தயங்கவேண்டாம், கேட்பது வெட்கமன்று. பங்குகளிலே இளைஞர் ஒன்றியங்கள் ஞாயிறு பூசை முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கி, முதியோருக்கும் தாய்மாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். மதம் பாராமல், தோட்டத்தார் எவர் வந்தாலும் சொல்லிக்கொடுக்கலாம். இலாத்தரன் சங்கம் பேராலயங்களுக்கு விதித்த கடமை நம் சிற்றாலயங்களுக்கும் பொருந்தும்.

அப்படிச் சொல்லிக்கொடுத்தால் கடைகளின் வருமானம் சற்றுக் குறையலாம். ஆனால் நேர்மையான உழைப்புக்கு வேலை குறையாது. கண் மங்கிய பாட்டிக்கும், கை நடுங்கும் பாட்டனாருக்கும், வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கும் எழுதிக் கொடுக்க ஆள் என்றும் வேண்டும். அவர்கள் தெரிந்தே வருவார்கள், தெரிந்தே கொடுப்பார்கள், நன்றியோடும் கொடுப்பார்கள். தெரிந்தவன் கொடுக்கும் காசு கூலி. தெரியாதவனிடம் பறிக்கும் காசு அபராதம். அறியாமைக்கு அபராதம் விதிக்கும் அதிகாரத்தை இறைவன் எவருக்கும் கொடுக்கவில்லை.